தன் மனத்துக்குத் தானே தரும் வாக்கு

ஒருவர் தம் உடலைத் தாமே தளர்த்தி, அலையும் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தி, அந்த அமைதியில் தம் மனத்துக்கு ஒரு சொல்லையோ காட்சியையோ தாமே கொடுப்பதுதான் சுய மனோவசியம். சுய ஹிப்னாடிசம் என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டதும் மேடையில் ஆளை மயக்கி ஆட்டிவைக்கும் வித்தைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் உறவு குறைவு. இதில் யாரும் யாரையும் வசப்படுத்துவதில்லை, நினைவும் தப்புவதில்லை. பக்கத்து அறையில் குழந்தை அழுதால் கேட்கும். உடனே எழுந்து போகவும் முடியும். நடப்பது இவ்வளவே: தசைகள் இறுக்கம் விடுகின்றன, மூச்சு நீள்கிறது, நாடித்துடிப்பு தணிகிறது, எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசும் மனம் சிறிது நேரம் வாயை மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் சொல்லப்படும் சொல்லுக்கு மற்ற நேரத்தில் இல்லாத பிடிமானம் கிடைக்கிறது.

செய்முறை எளிது, அதன் அடியில் கிடக்கும் கேள்வி எளிதல்ல. உள்ளுக்குள் பதறிக்கொண்டிருப்பவர் “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று தமக்கே சொல்லிக்கொண்டால் அது பொய்யா? பொய்யென்றால் பொய்யிலிருந்து நன்மை விளையுமா? சொல்பவர் யார், கேட்பவர் யார்? இறைவனிடம் முறையிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு விடைகள் நெடுங்காலமாகப் பக்கம் பக்கமாகவே வாழ்ந்து வருகின்றன. கோயில் வழக்கமாகச் சில, தத்துவமாகச் சில, தவமாகச் சில. அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்தப் பயிற்சியின் பலமும் எல்லையும் சரியாகப் புலப்படும்.

சேலத்துக்கு மேற்கே, இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலையின் அடிவாரத்தில் சித்தர்கோயில் இருக்கிறது. திருமூலரோடும் காலாங்கி நாதரோடும் சேர்த்துச் சொல்லப்படும் இடம் அது. அமாவாசையன்று கூட்டம் அதிகம். தோல்நோயும் மருவும் நீங்க வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் போடுவது இங்கேயும், வைத்தீசுவரன் கோயில் போன்ற தலங்களிலும் வழக்கம். இதை ஒரே சொல்லில் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவ உலகம் அவ்வளவு அவசரப்படவில்லை. 1959இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடம்பின் இரு பக்கமும் மரு இருந்த 14 பேரை மனோவசியத்துக்கு உட்படுத்தி, ஒரு பக்கத்து மரு மட்டும் மறையும் என்று சொன்னார்கள். போதிய ஆழத்துக்குப் போன 10 பேரில் 9 பேருக்கு அந்தப் பக்கத்தில் மட்டும் மரு மறைந்தது. மரு தானாகவும் உதிரக்கூடியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவுமில்லை. ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எதிர்பார்ப்பு என்பது மனத்தோடு நின்றுவிடாமல் தோல்வரைக்கும் இறங்கக்கூடும் என்று மருத்துவர்களையே யோசிக்கவைத்த ஆய்வு அது. வேண்டுதலோடு கோயிலில் நிற்பவரின் எதிர்பார்ப்பை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

இதைவிட முக்கியமான வழக்கம் ஒன்று மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் இருக்கிறது. காப்புக் கட்டுவது. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிய நாள் முதல் திருவிழா முடியும்வரை வீட்டில் கவிச்சி இல்லை, குடிப்பவர் குடிப்பதில்லை, வெறுந்தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார், சண்டைக்கு வந்தவரிடம் கையைக் காட்டி, காப்புக் கட்டியிருக்கிறேன் என்று சொல்லி விலகிப் போகிறார். வருடம் முழுக்க விடமுடியாத பழக்கம் அந்த நாட்களில் எப்படி விட்டுப்போகிறது? குடியை இழிவாகப் பேசி யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. நான் குடிக்காதவன் என்று அவரும் தமக்குள் உருப்போடவில்லை. அம்மன் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்தார். கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கு நினைவுக்கு வருகிறது. மனத்துக்குச் சொல் கொடுப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் உளவியல் நூல்களில் கிடைப்பது அரிது.

பூமிதிக்கும் நேரத்திலும், உடுக்கை அடித்துப் பாடும்போதும் அருள் வந்து ஆடுவது வேறு வகை. அங்கே ஓசையும் கூட்டமும் ஊரின் எதிர்பார்ப்பும் சேர்ந்து ஒருவரைத் தம் வழக்கமான நிலையிலிருந்து தூக்கிச் செல்கின்றன. ஆடியவர் பல சமயம் ஆடியதை நினைவுகூர்வதில்லை. அதன் சமயப் பொருளை வழிபடுபவர்களே அறிவார்கள். இந்தக் கட்டுரை பேசும் பயிற்சியில் அப்படித் தன்னை மறப்பது கிடையாது. கடைசிவரை தன்னறிவு விழித்தே இருக்கும்.

ஐரோப்பாவில் மனோவசியக் கலையின் கதை ஒரு தவறான விளக்கத்தில் தொடங்கியது. வியன்னாவிலிருந்து பாரிஸ் வந்த மருத்துவர் மெஸ்மர், தம்மிடமிருந்து ஒரு காந்த ஆற்றல் நோயாளிக்குள் பாய்கிறது என்றார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். அப்படி ஓர் ஆற்றல் இல்லை, வேலை செய்வது நோயாளியின் கற்பனைதான் என்று அந்தக் குழு கண்டது. கண்டதோடு கோப்பை மூடிவிட்டது. அந்தக் கற்பனைக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர் ஓர் இந்தியர். கோவாவின் கண்டோலிம் ஊரில் 1756இல் பிறந்த பாதிரியார் ஃபாரியா, 1813இல் பாரிசில் பொதுமக்கள் முன் விளக்கக் கூட்டங்கள் நடத்தினார். எதிரே இருப்பவரை வசதியாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, தூங்கு என்று உரத்துச் சொல்வார். கையசைப்பும் காந்தமும் அவரிடம் இல்லை. தம்மிடம் எந்தச் சக்தியும் இல்லை, நடப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்குள்ளேயே நடக்கிறது என்று அவர் சொன்னதை அன்று ஏற்றவர்கள் குறைவு. ஏளனத்துக்கு ஆளாகி 1819இல் இறந்தார். இன்று பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. வசியம் செய்பவரிடம் இல்லை வலு, செய்துகொள்பவரிடமே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சுய மனோவசியம் என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. அந்த வகையில் இதன் முதல் ஆசான் ஃபாரியா என்று சொல்வது மிகையாகாது.

அதன்பின் கதை வேகமாக நகர்ந்தது. 1845இல் வங்காளத்து ஹூக்ளியில் ஸ்காட்லாந்து மருத்துவர் எஸ்டெயில், மயக்கமருந்து இல்லாத காலத்தில் மெஸ்மரின் வழிவந்த முறையால் நோயாளிகளின் வலியைத் தணித்துப் பெரிய அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். 1847இல் குளோரோஃபார்ம் வந்ததும் அந்த வழி மங்கிப்போனது. மான்செஸ்டரின் ஜேம்ஸ் பிரெய்டு, கண்ணை ஒரு பொருளில் நிலைக்கவிட்டாலே மனோவசிய நிலை வந்துவிடும் என்று கண்டு 1843இல் நூல் எழுதினார். பிரான்சின் நான்சி நகரத்து மருந்தாளுநர் எமில் குவே, நாள்தோறும் தாம் தேறிவருவதாக ஒரு சிறு வாக்கியத்தைத் தூங்கப்போகும்போதும் விழித்தவுடனும் இருபது முறை முணுமுணுக்கச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். உருத்திராட்ச மாலை உருட்டும் நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 1929இல் அமெரிக்காவின் ஜேக்கப்சன் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையையும், 1932இல் ஜெர்மனியின் ஷுல்ட்ஸ் கைகால் கனப்பதாகவும் வெதுவெதுப்பாவதாகவும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் முறையையும் வெளியிட்டார்கள். இன்று கைப்பேசியில் கேட்கும் தளர்வுப் பயிற்சிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழிவந்தவை.

குவே சொன்னதில் ஒன்று தனியாக நினைவில் வைக்கத் தக்கது. விருப்ப முயற்சியும் கற்பனையும் மோதினால் கற்பனையே வெல்லும் என்பார் அவர். தூங்கியே தீரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தவருக்குத் தூக்கம் வராது. மறந்த பெயரை வலிந்து தேடத் தேட அது எட்டிப்போகும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். கேட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆகவே அதட்டலுக்கு மனம் பணியாது. ஆனால் இனிய வாக்கியத்துக்கு மட்டும் பணிந்துவிடுமா? 2009இல் கனடாவில் ஜோன் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. தம்மைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள், தாம் அன்புக்கு உரியவர் என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்களின் மனநிலை கீழே இருந்தது. சொல்லும்போதே உள்ளிருந்து, இல்லையே என்று ஒரு குரல் எழுந்து, பழைய காயங்களையெல்லாம் சாட்சிக்கு இழுத்துவந்துவிடுகிறது. வேண்டியவர்களுக்கே மருந்து வேலை செய்யவில்லை என்றால் மருந்தில்தான் ஏதோ கோளாறு.

கோளாறு, வாக்கியத்தின் தன்மையில் இருக்கிறது. “நான் அமைதியாக இருக்கிறேன்” என்பது ஒரு செய்தி. செய்தி என்றால் மெய்யாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பொய். மனம் அதைச் சரிபார்க்கத்தான் செய்யும். “வினாத்தாள் கைக்கு வந்ததும் ஒரு மூச்சை நீளமாக விடுவேன், தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்குவேன்” என்பது வாக்கு. வாக்கைச் சொல்லும் நேரத்தில் அது மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. சொன்னவர் பின்னால் நடந்து மெய்யாக்கவேண்டியது. எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள் வெறுமனே ஆசைப்படுபவர்களைவிட அதிகமாகச் செய்துமுடிக்கிறார்கள் என்பதை 1990களில் தொடங்கி ஜெர்மன் உளவியலாளர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோயில் வழிபாட்டின் தொடக்கத்தில் சொல்லும் சங்கற்பமும் இந்த வடிவம்தான். இடம், காலம், பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி, இந்த வழிபாட்டைச் செய்யப்போகிறேன் என்று முடியும்; நான் புண்ணியவான் என்று முடியாது. திருச்செங்கோட்டு மலைப்பாதையில் அறுபதாம் படி என்ற இடத்தில் நின்று சத்தியம் செய்தால் வழக்குத் தீர்ந்தது என்று ஊர்கள் ஏற்றுக்கொண்ட காலம் உண்டு. சொல்லுக்குக் கட்டுப்படுவது ஓர் ஆற்றல் என்பதை இந்தப் பகுதி நன்றாக அறிந்தே இருந்திருக்கிறது.

எனினும் வாக்கு என்ற விளக்கம் முழுக் கேள்விக்கும் விடையாகாது. செயலைப் பற்றி வாக்குக் கொடுக்கலாம். மனநிலையைப் பற்றி எப்படிக் கொடுப்பது? இங்கேதான் சைவ சித்தாந்தம் துணைக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரும் அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரும் உயிரின் இயல்பைச் சொல்லும்போது, அது சார்ந்ததன் வண்ணம் ஆவது என்கிறார்கள். அருகில் வைத்த பூவின் நிறத்தைப் பளிங்கு காட்டுவதுபோல், உயிர் எதைப் பற்றுகிறதோ அதுவாகவே நிற்கும். கவலையைச் சார்ந்தால் கவலையாகும். அமைதியைச் சார்ந்தால் அமைதியாகும். அருணந்தியார் சிவஞான சித்தியாரில் கருட பாவனையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர் தம்மைக் கருடனாகப் பாவித்துப் பார்க்கும்போது விடம் இறங்குகிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. இன்று பாம்பு கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும், அது வேறு. அந்த எடுத்துக்காட்டுக்குள் இருக்கும் தத்துவம் இதுதான்: மந்திரிப்பவருக்குச் சிறகு முளைக்கவில்லை, தாம் பறவை என்று அவர் நம்பிவிடவும் இல்லை. கருடன் என்ற தெய்வ ஆற்றலைச் சார்ந்து நிற்கிறார். அந்தச் சார்பு வேலை செய்கிறது. அதுபோலவே, ‘நான் சிவம்’ என்று எண்ணும் சிவோகம் பாவனையில் உயிர் சிவமாகிவிட்டதாகச் சித்தாந்தம் சொல்லாது. உயிர் வேறு, இறை வேறு என்பதில் அது உறுதியாக நிற்கும். பற்றுகிற இடம் மாறியதால் உயிரின் நிலை மாறியது, அவ்வளவுதான்.

இந்த விளக்கத்தில் பாவனை பொய்யாவதில்லை. நடிப்பும் ஆவதில்லை. ஏதோ ஒன்றைச் சாராமல் உயிரால் இருக்கவே முடியாது என்னும்போது, எதைச் சாரலாம் என்று தேர்ந்துகொள்வது மனிதருக்குத் தரப்பட்ட உரிமை. கூடவே சித்தாந்தம் இன்னொன்றையும் வற்புறுத்துகிறது. தானாக முயன்று பற்றுவது மட்டும் போதாது, அருள் துணைநிற்கவேண்டும். பயிற்சிக்கும் பிரார்த்தனைக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது. பயிற்சியில் ஒருவர் தம் மனத்தின் ஒரு பகுதியை நம்பி இன்னொரு பகுதியோடு பேசுகிறார். பிரார்த்தனையில் தம்மைவிடப் பெரிய ஒன்றிடம் பேசுகிறார். உடல் தளர்வதும் மூச்சு நீள்வதும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். திரும்பிய முகம் ஒன்றல்ல. ஆகவே பிரார்த்தனையும் ஒருவகைச் சுய மனோவசியம்தான் என்று சிலர் கெட்டிக்காரத்தனமாகச் சொல்வது பொருந்தாது.

உயிரும் இறையும் ஒன்றே என்னும் அத்வைதம் இந்தப் பயிற்சியை இன்னும் கூர்மையாக மறிக்கிறது. நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்தில் சன்னியாசிக் கரட்டின் மேல் தத்தாத்ரேயர் கோயில் இருக்கிறது. 1948இல் சமாதியான அவதூதர் சுயம்பிரகாச சுவாமிகளின் இடம். மோகனூர்ப் பக்கம் காவிரியைக் கடந்தால் கரூர் மாவட்டத்து நெரூரில், பேச்சையே விட்டுவிட்ட சதாசிவப் பிரம்மேந்திரரின் சமாதி. இந்த மரபில் வந்தவர்கள் மனத்துக்குப் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை; மனம் என்று ஒன்று இருக்கிறதா என்றே பார்த்தார்கள். திருவண்ணாமலையில் ரமணர் எழுதிய உள்ளது நாற்பதில் இந்தக் கேள்வி நேராகவே வருகிறது. நான் அதுவே, அதாவது பரம்பொருளே, என்று எண்ணிக்கொண்டிருப்பது தொடக்கத்தில் துணையாகலாம். ஆனால் மனிதனாக இருப்பவன் தான் மனிதன் என்று ஓயாமல் எண்ணிக்கொண்டா இருக்கிறான் என்பது அவர் கேட்பதன் கருத்து. சொல்லித்தான் வரவேண்டிய அமைதி, சொல்லை நிறுத்தினால் போய்விடும் என்பது இதற்குள் இருக்கும் எச்சரிக்கை. இந்த எச்சரிக்கை நியாயமானது. சுய மனோவசியம் சுமையைக் குறைக்கும். சுமப்பவர் யார் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

பௌத்தத்தின் தடமும் இங்கே உண்டு. ஆத்தூர் வட்டாரத்துத் தியாகனூரில் தியானத்தில் அமர்ந்த பழைய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பௌத்தம் இந்தச் சமவெளிக்கு அயலூர்ச் சரக்கல்ல. மூச்சை மாற்றாமல், நீளமான மூச்சை நீளமென்றும் குறுகியதைக் குறுகியதென்றும் அறிந்திருப்பது அதன் அடிப்படைப் பயிற்சி. ஆனால் பௌத்தம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. தீய எண்ணம் தொல்லை தரும்போது செய்யவேண்டியவை என்று பாலி நூல் ஒன்று ஐந்து வழிகளை வரிசையாகச் சொல்கிறது. முதல் வழி, அதனிடத்தில் வேறொரு நல்ல எண்ணத்தை வைப்பது. பல்லைக் கடித்து மனத்தை அடக்குவது ஐந்தாவதாக, மற்ற எதுவும் கைகொடுக்காதபோது மட்டுமே வருகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் எதிர்ப் பாவனையும் அந்த முதல் வழியைச் சேர்ந்ததுதான். வற்புறுத்தலைக் கடைசியில் வைத்த அந்த வரிசை, பல நூற்றாண்டுகள் கழித்துக் குவே கண்டதோடு ஒத்துப்போகிறது.

இந்த மரபுகளையும் எளிய பயிற்சியையும் ஒன்றாகக் கோத்துத் தமிழ்நாட்டின் சிற்றூர்வரை கொண்டுபோனவர் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தையும், 1984இல் ஆழியாறு அறிவுத் திருக்கோயிலையும் நிறுவினார், 2006இல் மறைந்தார். தறியோடு வாழ்ந்த குடும்பத்திலிருந்து வந்தவர் வகுத்த மனவளக்கலை என்னும் பயிற்சி, தறியோடு வாழும் சேலம், நாமக்கல் பகுதிகளில் வேரூன்றியது பொருத்தமே. அதன் உடற்பயிற்சிகள் படுத்தபடி உடலைத் தளர்த்துவதில் முடிகின்றன. தவத்தின் முடிவில் சங்கற்பம் உண்டு. சினம், கவலை ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பார்த்து ஆராயும் அகத்தாய்வு உண்டு. வாழ்க வளமுடன் என்று எதிர்ப்பட்டவரை வாழ்த்துவது அவரிடம் வெறும் உபசாரமல்ல. கோபத்துக்கு உரியவரையும் மனத்துக்குள் வாழ்த்தச் சொன்னார். தனக்கு மட்டும் நல்லது சொல்லிக்கொள்ளும் மேலைநாட்டு முறையில் இல்லாத ஒன்று இது. எழுதிப் பார்ப்பதும் அவரிடம் முக்கியம். எதில் குறை என்று தெரியாமல் மனத்துக்குச் சொல் கொடுப்பதில் பயன் இல்லை.

இனிச் செய்முறை. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சாப்பிட்டவுடன் வேண்டாம். பாயில் மல்லாந்து படுக்கலாம். தூங்கிவிடுபவர் சுவரில் சாய்ந்து உட்காரலாம். முதலில் கை விரல்களை இறுக மூடி ஐந்து எண்ணும் நேரம் வைத்திருந்து விடவேண்டும். இறுக்கமும் தளர்வும் அடுத்தடுத்து வரும்போதுதான் எது தளர்வு என்று உடம்புக்குத் தெரியும். அப்படியே முன்கை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். முகத்துக்குக் கூடுதல் நேரம் தரவேண்டும். பலருக்கு நாள் முழுக்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியே இருக்கும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். அது அவர்களுக்கே தெரியாது. தாடையைச் சற்றுத் தொங்கவிட்டு நாக்கைக் கீழே கிடத்தினால் கழுத்தின் பின்பக்கம் தானாக இளகுவதை உணரலாம். பிறகு மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும். நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு மேலோங்குகிறது.

அமைதியான இடம் கிடைத்தால் நல்லது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடும் தெருக்களில் அது கிடைக்காது. தறியோசை சுவர் வழியாகவே வரும். அதை எதிர்த்துக் காதை இறுக்குவதைவிட, ஓசையையே பயிற்சிக்குள் எடுத்துக்கொள்வது நல்ல வழி: தறியோசை கேட்கக் கேட்கத் தோள் இறங்குகிறது என்று மெல்லச் சொல்லிக்கொள்வது. ஒரே தாளத்தில் விடாமல் வரும் ஓசை கவனத்தை நிறுத்த உதவும். சில நாளில் அந்த ஓசையே தளர்வுக்கு அடையாளமாகிவிடும். தடையாக வந்ததைத் துணையாக்குவது இந்தக் கலையின் நுட்பமான பகுதி.

உடல் தளர்ந்தபின் ஒரு காட்சி. பார்த்திராத பனிமலையும் கடற்கரையும் வேண்டாம். கொல்லிமலை வளைவுகளில் ஏறும்போது முகத்தில் படும் முதல் குளிர்ந்த காற்று, மோகனூர்ப் படித்துறையில் காலை நனைக்கும் காவிரித் தண்ணீர் என்று உடம்பே நினைவில் வைத்திருக்கும் இடம் வேண்டும். கண்ணுக்குத் தெரிவதோடு நிற்காமல் தோலில் படுவதையும் மூக்கில் ஏறுவதையும் நினைவுகூர்ந்தால் காட்சி நிலைக்கும். அதன்பின்பே சொல். ஒரு வேளைக்கு ஒரு சொல்தான். குறுகியதாக, தாமே பேசும் தமிழில், இன்னது செய்வேன் என்ற வடிவில் இருக்கவேண்டும். “கோபப்பட மாட்டேன்” என்றால் மனத்தில் கோபம்தான் வந்து நிற்கும். “குரல் உயரும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்” என்றால் செய்யவேண்டியது கண்முன் வருகிறது. அதைச் செய்வதாக ஒருமுறை மனத்துக்குள் நடத்திப் பார்த்து, ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணிக் கண்ணைத் திறந்து, கைகாலை நீட்டி எழுந்துகொள்ளலாம். தூங்குவதற்காகச் செய்தால் எண்ணவேண்டியதில்லை.

நாமக்கல், ராசிபுரம் பகுதிகளின் உறைவிடப் பள்ளிகளில் பிளஸ் டூ, நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தருவது நல்லது. ஒரு நிபந்தனை உண்டு. “முதல் மதிப்பெண் எடுப்பேன்” என்று அவர்கள் வாயில் திணிக்கக்கூடாது. அது பெற்றோரின் வாக்கு, பிள்ளையின் வாக்கு அல்ல. நிறைவேறாவிட்டால் பழி முழுக்கப் பிள்ளையின் தலையில் விழும். மதிப்பெண் கையில் இல்லை. படிப்பதும், தூங்குவதும், தேர்வறையில் மூச்சு விடுவதும் கையில் இருக்கின்றன. வாக்கு இவற்றைப் பற்றி மட்டும் இருந்தால் போதும். பயிற்சியால் மதிப்பெண் கூடும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் பலிப்பதில்லை. 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கு ஓர் அளவுகோல் உருவானது. அதைக்கொண்டு அளந்தபோது சிலர் எளிதில் ஆழ்ந்துவிடுவதும், சிலருக்கு அந்த நிலை அநேகமாக வராததும், பெரும்பாலோர் நடுவில் இருப்பதும் தெரிந்தது. இதற்கும் அறிவுக்கும் மனவலிமைக்கும் தொடர்பு இல்லை. வராதவர் தம்மைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம். தசைத் தளர்வும் மூச்சும் மட்டுமே அவருக்குப் போதிய பலன் தரும். சிலருக்குக் கண்ணை மூடி அமைதியாக இருந்தாலே படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியோ மெல்ல நடந்தபடியோ செய்வது நல்லது. லாரி ஓட்டும்போதும் தறியின் முன்னால் நிற்கும்போதும் தளர்வுப் பயிற்சி ஒலிப்பதிவுகளைக் கேட்கவே கூடாது. வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்தபின் செய்யலாம்.

முற்பிறவியைக் காட்டுகிறேன், மறந்த நினைவை மீட்கிறேன் என்று மனோவசியத்தைப் பயன்படுத்துபவர்களை நம்பக்கூடாது. தளர்ந்த மனம் கேட்கப்பட்டதற்கு ஏற்பக் கதையைத் தானே கட்டித்தரும். நடக்காததை நடந்ததாக உறுதியோடு நினைவுகூரவும் செய்யும். அதை நம்பிக் குடும்பத்துக்குள் பழிசுமத்தினால் ஏற்படும் காயம் பிறகு ஆறாது. இல்லாத குரல் கேட்பவர், தொடர்ந்து வாரக்கணக்கில் தூங்காதவர், வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் உடையவர் ஆகியோருக்கு இந்தப் பயிற்சி சிகிச்சை ஆகாது. கொடிய நிகழ்ச்சியின் நினைவு மீண்டும் மீண்டும் வந்து வதைப்பவரும் தனியாக இதில் இறங்கக்கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர் பயிற்சியால் நிம்மதி தெரிகிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. அளவைக் குறைப்பதா இல்லையா என்பதை மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சொல்லவேண்டும்.